கொண்டை ஊசி

"என் கொண்டை ஊசி எங்கங்க?"

"மெஷினுக்குள்ள இருக்கு" என்றார் அவள் கணவர், ஏதோ அலமாரிக்குள் இருப்பதுபோல.

சமையலறை மேசை முன்னால் இரண்டு வருடம் உட்கார்ந்து அவரே செய்த ரொட்டி வெட்டும் மெஷின். கத்தியைப் பிடித்து நிறுத்தும் கம்பி தொலைந்துபோனதால், கையில் கிடைத்ததைச் செருகியிருந்தார். ஊசி கொஞ்சம் தொளதொள. முதல் துண்டு மட்டும் செங்கல் மாதிரி விழும். மற்றதெல்லாம் ஒரே அளவு.

செங்கல்லை அவள் தட்டில் வைத்தார்.

"சாயங்காலம் சரியான கம்பி வாங்கிட்டு வந்துடறேன். உன் ஊசி உனக்கு."

கடைத்தெரு முனையில் ஒரு லாரி.

அவர் போனதற்கு அவளை அழுது முடிக்கக்கூட விடவில்லை. அவர் வேலை பார்த்த கம்பெனியிலிருந்து வந்து, 'எங்கள் சாமான்' என்று மெஷினைத் தூக்கிப் போனார்கள். அடுத்த வருடம் அது கடைகளுக்கு வந்தது, முதலாளியின் பெயரோடு.

வழக்குப் போட்டாள். ஜெயித்தாள். ஒவ்வொரு மெஷினிலும் அவர் பெயர் இருக்க வேண்டும் என்று தீர்ப்பு.

கம்பெனி மூட்டை கட்டிக்கொண்டு எல்லை தாண்டி இந்த நாட்டுக்கு வந்துவிட்டது. அவளும் பின்னாலேயே வந்தாள். இங்கே கோர்ட் கையை விரித்தது. அந்த நாட்டுத் தீர்ப்பு இங்கே செல்லாது, முதலிலிருந்து வழக்கு நடத்துங்கள்.

அவளைப்போல வெளிநாட்டுத் தீர்ப்போடு அலைந்த நாற்பது பேர் சேர்ந்தார்கள். ஏழு வருடம் மனுமேல் மனு.

போன மாதம் சட்டத்தையே மாற்றிவிட்டார்கள். வெளிநாட்டுத் தீர்ப்பை இங்கே பதிவு செய்தால் போதும்.

இன்று தீர்ப்பை நிறைவேற்றிவைக்கக் கோர்ட் அமீனா முன்னால் நடக்க, அவளும் கொழுந்தனும் தொழிற்சாலைக்குள் நுழைந்தார்கள்.

"அண்ணி, திடீர்னு சிரிச்சுடாதீங்க. ஏழு வருஷமா முறைச்ச முகம், முதலாளி பயந்துடுவார்."

அவள் சிரித்தேவிட்டாள்.

மெஷின்மேல் அவள் கணவர் பெயர் பொறித்த தகடு. நாலு திருகு. கடைசித் திருகை ஸ்குரூடிரைவர் வாங்கி அவளே முடுக்கினாள். தொழிலாளர்கள் கை தட்டினார்கள். கொழுந்தன் விசிலடித்தான். விறைப்பாக நின்ற அமீனாவும் ஃபைலை அக்குளில் இடுக்கிக்கொண்டு தட்டினார்.

ஃபோர்மேன் ஒரு முழு ரொட்டியை எடுத்துவந்தார்.

"ஓட்டிக் காட்டறேம்மா. முதல் துண்டைக் கண்டுக்காதீங்க. எத்தனையோ இன்ஜினியருங்க பார்த்துட்டாங்க, அது மட்டும் சரியாகல."

மெஷினில் கத்தியைப் பிடித்து நிறுத்த, பக்கத்துப் பெட்டியிலிருந்து ஒரு கம்பியை எடுத்தார். பெட்டி நிறைய அதே கம்பி, ஆயிரக்கணக்கில், புத்தம் புதிதாக, கறுப்பாக. ஒரு கால் நேர், ஒரு கால் நெளிநெளி.

அவள் கை தானாகத் தலைக்குப் போனது.

முதல் துண்டு செங்கல் மாதிரி விழுந்தது.