தண்ணீர் நிற்கும் இடம்

இத்தாலியின் சியாகுல்லியில் காலை எட்டு மணிக்கே ஏப்ரல் வெயில் சுடுகிறது. தொட்டியைத் திறந்துவிட்டு, வாய்க்காலில் வரும் தண்ணீரோடு அல்பேட் நடக்கிறான். முன்னால் அவன் மனைவி றோசமலர் குந்தியிருந்து வாய்க்கால் மண்ணைக் கையால் மெழுகுகிறாள், மண் குடிக்காமல் தண்ணீர் இன்னும் சில மரங்கள் தள்ளிப் போகட்டும் என்று. இந்த மாரியில் மலையில் பனி விழவில்லை. பனி உருகி ஜூன் வரை நிரம்பி நிற்கும் தொட்டியில் கணுக்காலளவுதான் கிடந்தது. தண்ணீர் எட்டாத மண்டரின் தோடை மரங்களுக்குச் சிவப்புக் குறி போட்டு வெட்டப்போவதாகத் தோட்டத்துச் சொந்தக்காரி சிஞ்ஞோரா சொல்லிவிட்டாள். மிஞ்சுவது ஐம்பது மரத்துக்குக் குறைந்தால் வேலைக்கு ஓராள் போதுமாம். வேலை ஒப்பந்தம் இல்லாத ஆளுக்குப் பெர்மெசோ என்ற வதிவிட அனுமதி இல்லை. பெர்மெசோ இல்லாமல் இந்த நாட்டில் இருக்கவும் முடியாது. “கெதியாத் தடவும், வருது,” என்கிறான் அல்பேட். “முதல் உங்கட காலை எடுங்கோ. பாதித் தண்ணியை உங்கட சப்பாத்து குடிச்சிட்டுது.” “எங்கட குசினியை ஒருநாளும் இவ்வளவு வடிவா மெழுகேல்லை நீர்.” சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு தண்ணீர் நாற்பத்தேழாவது மரத்தைத் தாண்டுகிறது. நாற்பத்தெட்டு. அடுத்த மரத்துக்கு ஒரு சாண் இருக்க, தண்ணீரின் நுனி நடுங்கி நிற்கிறது. தொட்டியின் அடியில் காற்று உறிஞ்சும் சத்தம். றோசமலர் தன் குடிதண்ணீர்ப் போத்தலைத் திறந்து வாய்க்காலில் கவிழ்க்கிறாள். “விசரே உமக்கு? பின்னேரம் வரைக்கும் என்னத்தைக் குடிப்பீர்?” அவள் கடைசித் துளியையும் உதறுகிறாள். நாற்பத்தொன்பதாவது மரத்தின் அடி நனைகிறது. அவன் தன் போத்தலின் மூடியைத் திருகுகிறான். சிஞ்ஞோரா ஐம்பதாவது மரத்தில் சிவப்புப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கிறாள்.