மச்சானுக்குப் புது நெற்றி லைட்

"இன்னொரு தரம் முக்குங்க பாய்" என்றான் கிருபாசங்கர்.

ஒப்பணக்காரத் தெருக் கடையில் யூனுஸ் பாய் பெருமூச்சு விட்டபடி நெற்றி லைட்டை மறுபடியும் பக்கெட்டில் அமுக்கினார். காலையில் ஷட்டரைத் தூக்கியதிலிருந்து இதே வேலை. அன்றைக்கு அந்தக் கடையில் கொட்டிய தண்ணீருக்குச் சிறுவாணி அணையே ஒரு முழம் இறங்கியிருக்கும்.

மழைக்கு மட்டும் தாங்குகிற லைட் வேண்டாம் என்று கிருபாசங்கர் கறாராகச் சொல்லிவிட்டான். மலை இடுக்கில் அருவி விழுகிற வழியிலேயே கயிறு கட்டி இறங்குகிற கேன்யனிங்குக்குப் போகிறார்கள். தலைமேல் அருவி கொட்டினாலும் எரிய வேண்டும்.

கடைசியில் ஒன்று தேறியது. லைட்டைத் தனியாகக் கழற்றிவிட்டுத் தலைப் பட்டையைத் துவைத்துக்கொள்ளலாம் என்று பாய் செய்து காட்டினார். பிறகு பேட்டரி மூடியைத் திறந்து, உள்ளே இருந்த மெல்லிய ரப்பர் வளையத்தைத் தொட்டார். "இதுதானுங்க தம்பி இதுக்கு உசுரு. இது இருக்கற வரைக்கும் ஒரு சொட்டு உள்ள போகாது."

கிருபாசங்கர் அந்த வளையத்தையே ஆசையாகப் பார்த்தான். "மச்சானுக்குங்க பாய். அவருக்கு ஒண்ணுன்னா எங்க ஊட்டுல யாரும் தாங்க மாட்டாங்க."

பாய்க்குக் கண் கலங்கிவிட்டது. பெண்டாட்டியின் அண்ணன் மேல் இப்படி உயிரை வைத்திருக்கும் மாப்பிள்ளையை அந்தத் தெரு பார்த்ததே இல்லை.

காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் கிருபாசங்கர் மூடியைத் திறந்தான். ரப்பர் வளையத்தை நகத்தால் நெம்பி எடுத்தான். ஜன்னல் வழியே தெருவில் போட்டுவிட்டு, மூடியைப் பழையபடி மூடினான்.

மச்சான் சாய்சரணுக்கு இத்தனை நாளாகக் கல்யாணம் கூடவில்லை. வந்த ஜாதகங்களை வரிசையாக விரித்தால் சூலூர் ஏர்போர்ஸ் ரன்வேக்கே ஜமக்காளம் போடலாம். இப்போது ஒன்று பொருந்தித் தொலைத்துவிட்டது, தையில் முகூர்த்தம். அதற்குள் அவன் இல்லாமல் போனால், சோமனூரில் மாமனாருடைய விசைத்தறிக் கூடங்கள் அத்தனையும் கிருபாசங்கரின் மனைவி லோகப்பிரியாவுக்கு மட்டுமே.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் இருவரும் கிளம்பினார்கள். வழியில் ஒரு பேக்கரி. கிருபாசங்கருக்கு வந்த பப்ஸ் ஆறி அவலாகியிருந்தது. வெளியே போய் போன் பேசிவிட்டு வந்து கடித்தால் நாக்கு சுட்டது. தன் தட்டிலிருந்த சூடான பப்ஸை அவன் தட்டில் வைத்துவிட்டு, சாய்சரண் சத்தம் காட்டாமல் ஆறியதைத் தின்றுகொண்டிருந்தான்.

அவன் பிறவிக் குணம் அது. மாப்பிள்ளை தும்மினால் எழுந்து நின்றுதான் என்னவென்று கேட்பான். கிருபாசங்கர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான்.

மலையடிவாரத்தில் கிருபாசங்கர் புது லைட்டை மச்சானிடம் எடுத்து நீட்டினான். தனக்கென்று அவன் வைத்திருந்ததும் அதே மாடல், அதே கறுப்பு. போன வருஷம் வாங்கியது; பட்டையில் அவன் பேர் எழுதியிருந்தது.

"எனக்கெதுக்குங்க மாப்ள புதுசு? பழசைக் குடுங்க, போதும்."

"உசுரு சமாச்சாரம் மச்சான். பேசாம வாங்கிக்கங்க."

சாய்சரண் பேசாமல் வாங்கிக்கொண்டான். இரண்டு ஹெல்மெட்டிலும் லைட் மாட்டுகிற வேலையையும் அவனே இழுத்துப் போட்டுக்கொண்டான். இரண்டு பையும் அவன் தோளில்தான் ஏறின.

அந்த இடுக்குக்குள் நுழைய உச்சி வெயிலுக்கே பயம். முதல் இரண்டு இறக்கத்தில் தண்ணீர் முழங்காலைத்தான் நனைத்தது. ஒவ்வொன்றிலும் கீழே வந்ததும் கிருபாசங்கர் கயிற்றை உருவிக்கொண்டான். இனி மேலே ஏற முடியாது, போனால் கீழேதான்.

மூன்றாவதில் அருவி நேரே தலைமேல் கொட்டும். அடியில் கிணறு போல ஒரு குட்டை. அதில் வலது பக்கம் நீந்தினால், ஒரு வளைவு தாண்டிப் பாறைத் திட்டு. இடது பக்கம் போனால் ஒரு பொந்து, தண்ணீரை அப்படியே பாறைக்கு அடியில் உறிஞ்சிக்கொள்ளும். அதற்குள் போன மரக்கட்டைகூடத் திரும்பி வந்ததில்லை. வெளிச்சம் இல்லாதவனுக்கு வலது ஏது, இடது ஏது?

மாப்பிள்ளையை முன்னால் அனுப்பி ஆழம் பார்ப்பதா என்று சாய்சரண் அவனாகவே முதலில் கயிற்றைப் பிடித்தான். கிருபாசங்கர் தடுக்கவில்லை.

மேலிருந்து பார்க்க, மச்சானின் லைட் மின்மினியாகச் சிறுத்துக்கொண்டே போனது. குட்டைக்குள் இறங்கியது. கொஞ்சம் நகர்ந்தது. சட்டென்று காணாமல் போனது.

கிருபாசங்கர் ஒரு குரல் கூப்பிட்டுப் பார்க்கவில்லை. பாறையில் உட்கார்ந்து, லோகப்பிரியாவிடம் எப்படி அழுவது என்று பழகினான். முதல் தடவை கொஞ்சம் கூடிப்போனது. இரண்டாம் தடவை கண்ணீரே வந்துவிட்டது.

பிறகு திருப்தியோடு இறங்கினான். பஞ்சுப் பொதியை அவிழ்க்காமல் தலையில் போட்ட மாதிரி அருவி விழுந்தது. கால் குட்டையைத் தொட்டபோது, நெற்றியில் லைட் ஒரு தரம் சிமிட்டியது. மறுபடியும் சிமிட்டியது. பூசணிப்பூ நிறத்துக்கு மங்கி, அணைந்தது.

அவன் கை தானாக பேட்டரி மூடிக்குப் போனது. உள்ளே தண்ணீர் சளசளத்தது. காலை ஏதோ ஒரு பக்கம் தண்ணீர் மெல்ல இழுக்க ஆரம்பித்தது.

பாறை வளைவுக்கு அந்தப் பக்கமிருந்து, எந்தத் திசை என்றே தெரியாமல் நாலு சுவரிலும் மோதிக்கொண்டு, ஒரு மரியாதையான குரல் வந்தது.

"பட்டை மட்டுந்தானுங்க மாப்ள உங்களுது, புது லைட்டை உங்களுக்கே மாட்டி உட்டுட்டேன்... நல்லா எரியுதுங்களா?"