சந்துப் பாத்தியம்

“என் சந்துல கேட்டு போட நான் யாரக் கேக்கணும் மேடம்?”

தெட்சிணாமூர்த்தி மேசையைத் தட்டிய வேகத்தில் வக்கீல் கைருன்னிஸாவின் டீ தளும்பியது. பணி ஓய்வுக்குப் பிறகு மனிதர் செய்த ஒரே செலவு, ஒரு சட்டச் சொல் அகராதி. அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் திருமலைராயன்பட்டினத்தில் கத்தரிக்காய் வாங்கவே போவார்.

பக்கத்து நாற்காலியின் நுனியில் மீன் விற்கும் அஞ்சுகம் உட்கார்ந்திருந்தாள். வக்கீல் வாயாலேயே கேட்டுக்கொள்ளட்டும் என்று தெட்சிணாமூர்த்திதான் அவளை வரச்சொல்லியிருந்தார். முன்வீடு அவளுடையது, பின்வீடு அவருடையது; இரண்டுக்கும் ரோட்டுக்குப் போக நேர்வழி அந்த ஒரு சந்துதான். அதில் நேற்று அவர் இரும்புக் கேட்டை மாட்டிப் பூட்டிவிட, இன்று அவள் கூடையோடு சுடுகாட்டைச் சுற்றி வந்து சேர்வதற்குள் காலை வியாபாரம் போயே போய்விட்டது.

“வழிப்பாத்தியம்னு எவனாவது இவளுக்குச் சொல்லிக் குடுப்பான்” என்று அகராதியைப் பிரித்தார். “பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊராச்சே, அவன் பாஷைல அதுக்குப் பேரு செர்வித்யூத். மூலம் லத்தீன். அர்த்தம் அடிமைத்தனம்! ஒரு நிலம் இன்னொரு நிலத்துக்கு அடிமையாம். என் நிலம் மீன் கூடைக்கு அடிமையா? நல்லாருக்கே கத!”

“யாரையும் கேக்காம, உரிமையா, இருவது வருஷம் நடந்தாத்தான் சார் பாத்தியம்” என்றார் கைருன்னிஸா. “அடுத்தவங்க அனுமதில நடந்தா, நூறு வருஷமானாலும் அது பாத்தியம் ஆகாது.”

“அப்படிப் போடுங்க! இவ குடும்பம் நடந்ததெல்லாம் எங்க தயவுல. தயவுன்னா சும்மாவா? தாத்தா காலத்துலேருந்து பொங்கலுக்குப் பொங்கல் எங்க வீட்டுத் தட்டு இவ வீட்டுக்குப் போகும். தேங்கா, பழம், வெத்தலபாக்கு. அப்பா ஒரு வருஷம் தவறுனதில்ல. எத்தன நாளைக்குத்தான் தர்மம் பண்றது? இந்தப் பொங்கலுக்கு அனுப்பல, நிறுத்திட்டேன்.”

அஞ்சுகம் அப்போதுதான் வாயைத் திறந்தாள். “நிறுத்துனதையும் எழுதிக்குங்கம்மா.”

இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து நாலாக மடித்த பழைய காகிதம் ஒன்று வந்தது. மேலே பிரெஞ்சு, கீழே தமிழ். கைருன்னிஸா தமிழைச் சத்தமாகப் படித்தார்.

“உத்திராபதிக்குச் சொந்தமான சந்தில் பின்வீட்டார் நடந்துகொள்ள அனுமதி. அதற்கு அடையாளமாக வருஷந்தோறும் தைப்பொங்கலன்று அவர்கள் ஒரு தட்டு தரவேண்டும். தட்டு நின்றால் அனுமதியும் நிற்கும்.”

“உத்திராபதி எங்க தாத்தாங்க” என்றாள் அஞ்சுகம்.

தெட்சிணாமூர்த்தி மூன்றாம் தடவையாகக் காகிதத்தைப் புரட்டிப் பார்த்தார். அகராதி மடியிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது, எடுக்கத் தோன்றவில்லை. பிறகு, வாழ்நாளிலேயே முதன்முறையாக அவளுக்கு ஒரு ‘ங்க’ போட்டார்.

“நாளைக்கே தட்டு அனுப்பிடறேங்க. ரெண்டாவே அனுப்பறேன்.”

அஞ்சுகம் எழுந்து கையை நீட்டினாள்.

“தட்டு வேணாங்க. கேட்டுச் சாவியக் குடுங்க.”