மூன்று நாள் வயிற்றுப்போக்கு

“வயித்துப்போக்குன்னு எழுதிக் குடுங்க டாக்டர், மூணு நாளு. எல்லாரும் எழுதி வாங்கிக்கினு இருக்காங்க” என்றான் சாமுவேல்.

பக்கத்து ஓரிக்கை ஊர்க்காரன். விமானத்தில் கோ-பைலட். நூறு ரூபாய் நீட்டினால் பட்டுக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிற காஞ்சிபுரத்து டாக்டர் நான் எதையும் எழுதித் தருவேன் என்று நினைப்பு.

வேலைநிறுத்தம் என்று அறிவித்தால் வேலை போய்விடுமாம். அதனால் நூற்றுப் பன்னிரண்டு விமானிகளுக்கும் ஒரே நாளில் உடம்பு சரியில்லாமல் போக வேண்டும் என்று சங்கம் முடிவெடுத்திருந்தது. யாருக்கு என்ன நோய் என்று வாட்ஸ்அப்பில் பட்டியலே போட்டிருந்தார்கள்.

அவன் போனை வாங்கிப் பார்த்தேன். கேப்டன்களுக்கு முதுகுவலி. கோ-பைலட்டுகளுக்கு வயிற்றுப்போக்கு.

வியாதியிலும் சாதி பார்க்கிற சங்கம்.

ஒரே விமானம், பக்கத்துப் பக்கத்து இருக்கை. கேப்டனுக்கு மாதம் ஏழு லட்சம், இவனுக்கு ஒன்றரை. கோரிக்கை மனுவில் கேப்டன்களின் உயர்வு முதல் பக்கத்தில் இருந்தது. கோ-பைலட்டுகளுக்கு, ‘பின்னர் பேசப்படும்’. பந்திக்கு முந்துகிற பெரிய மனிதர்கள் படைக்கு இவனை அனுப்பியிருக்கிறார்கள். இவனும் வெட்கமில்லாமல் வந்து நிற்கிறான்.

என் நர்ஸ் அம்சவேணிக்கு மாதம் ஒன்பதாயிரம். அதைக் கொடுக்கிற நானும் யோக்கியமில்லை, அது வேறு கதை.

எழுதப்போகிற பொய்க்கு ஒரு மரியாதை வேண்டுமே என்று ஸ்டெதாஸ்கோப்பை அவன் மார்பில் வைத்தேன்.

மறுபடியும் வைத்தேன். பிறகு ஈசிஜி எடுத்தேன்.

இதயம் தாளம் தப்பி ஓடிக்கொண்டிருந்தது. இந்தத் தாளைப் பார்த்தால் யாரும் இவனை விமானம் ஓட்ட விடமாட்டார்கள்.

சொன்னேன். முகம் செத்துவிட்டது. லீவு போட்ட எல்லாரையும் கம்பெனி டாக்டர் சோதித்த பிறகுதான் வேலையில் சேர்ப்பார்களாம்.

“லீவே வேணாம் டாக்டர், எதையும் எழுதிடாதீங்க. லைசென்ஸ புடுங்கிடுவாங்க. எங்கப்பா வீட்ட வித்துப் படிக்க வெச்சாரு.”

இன்றைக்கே சென்னைக்குப் போய் இதய மருத்துவரைப் பார் என்றேன். தலையாட்டினான். ஈசிஜி தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினான்.

சென்னைக்குத்தான் போனான்.

மறுநாள் மாலைச் செய்தியில் காட்டினார்கள். பைலட் லைசென்ஸ் உள்ள நிர்வாகத்து அதிகாரி ஒருவர் கேப்டனாக உட்கார, சங்கத்தை மீறிக் கோவை விமானத்தை ஓட்டிவிட்டு வந்த கோ-பைலட்டுக்கு முதலாளியே விமான நிலையத்தில் பூங்கொத்து கொடுத்தார்.

எங்கள் விமானிகளில் ஆரோக்கியமானவர் இவர் ஒருவர்தான் என்று சொல்லி, சாமுவேலின் நெஞ்சில் தட்டினார்.