தனியாக வாருங்கள்

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நிற்பதற்குள் கணவனின் குட்டை உடைத்துவிட வேண்டும் என்று, சமையலறைக் கதவை ஓசைப்படாமல் சாத்திக்கொண்டாள் அவள். ஒரு கையில் போன். மறு கையில் அவர் புத்தகம் படிக்கும் அந்தக் கருவி, நேற்று மாலையிலிருந்து பேச்சு மூச்சில்லாமல் கிடந்தது.

"எதை அமுக்கினாலும் அசைய மாட்டேங்குதுடா. ஒரு பேனா படம் மட்டும் அப்படியே நிக்குது," என்று தம்பியிடம் கிசுகிசுத்தாள். கடைத்தெருவில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன் அவன்.

"சார்ஜ் போட்டியாக்கா?"

"அவரே ராத்திரி பூரா போட்டு வெச்சிருந்தார். கடைக்கு நானே கொண்டுபோறேன், நீ தொடாதேன்னார். சரி, என் தம்பி கடைக்குக் குடுங்கன்னா, அதுவும் வேணாமாம். மச்சினன்கிட்டயே மறைக்கற மாதிரி அதுல அப்படி என்னடா இருக்கு?"

"நாலு புத்தகம் இருக்கும். நீ டிவி சீரியல் பாக்கறதக் கொஞ்சம் கொறச்சுக்க."

சொல்வான், அவனுக்கென்ன. பஸ் டிரைவரான அவள் கணவர், டிப்போவில் அடுத்த டிரிப்புக்குக் காத்திருக்கும் நேரத்தில்கூடக் கையில் புத்தகத்தோடு இருப்பவர். வீட்டில் அலமாரி கொள்ளாமல் கட்டிலுக்கு அடியிலும் அடுக்கி வைத்திருந்தார். அந்த மனுஷன் கொஞ்ச மாதமாக அலமாரிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எந்நேரமும் இந்தக் கருவிதான்.

அதையும் அவள் பக்கத்தில் போனால் சட்டென்று மார்போடு கவிழ்த்துக்கொண்டார். தள்ளி நின்று கவனித்தால், விரல் மட்டும் டக் டக்கென்று திரையைத் தட்டியபடியே இருந்தது. எந்த மனுஷனாவது அவ்வளவு வேகமாகப் பக்கம் புரட்டுவானா? எவளுக்கோ சேதி அடிக்கிறார் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள். போதாததற்கு, போன வாரம் டூட்டி என்று சொல்லிவிட்டுக் கிளம்பிய அன்று அவர் லீவு போட்டிருந்தது வேறு தெரிந்துபோயிற்று. அன்றைக்கு எங்கே போனார் என்பதை நினைத்து நினைத்தே அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"டேய், ரீசெட் பண்ணா உள்ள இருக்கறதெல்லாம் அழிஞ்சிடுமா? எனக்கு அது வேணும்."

"மொத்தமா அழிக்கறது வேறக்கா. இது தூங்கறவன உலுக்கி எழுப்பற மாதிரி, அவ்வளவுதான். கீழ ஒரு பட்டன் இருக்குல்ல, அத அமுக்கிப் பிடி. ஸ்கிரீன் ஒரு தடவ கறுப்பா மின்னற வரைக்கும் விடாத."

அமுக்கினாள். பேனா படம் அவளைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றது.

"ஒண்ணும் ஆகலடா."

"கைய எடுத்தியா?"

"லேசா. விரல் வலிச்சுது."

"விடாதன்னு சொன்னேன்ல. மறுபடியும் முதல்லேர்ந்து பிடி."

இந்த முறை பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தாள். திரை கறுத்து, வெளுத்து, மறுபடி கறுத்து, மெதுவாக உயிர் பெற்றது. திரை முழுக்க இரண்டே வார்த்தைகள் வந்து நின்றன.

'தனியாக வாருங்கள்'

அவள் போனை வாயருகே இழுத்துக்கொண்டாள்.

"மாட்டிக்கிட்டார்டா. எவளோ தனியா வரச் சொல்றா. இத்தன நாள் என்னை எப்படி ஏமாத்தியிருக்கார் பாரு."

"பதறாதக்கா. அடுத்து என்ன இருக்குன்னு தட்டிப் பாரு."

தட்டினாள். 'என்றாள் இளவரசி.' இன்னொரு தட்டு. 'தளபதி தன்...' மறுபடியும் தட்டினாள். 'வாளை உருவினான்.'

வாய்விட்டுப் படித்ததும் தம்பி அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரித்தான். "மாமா ராஜா ராணி கதை படிக்கறார்க்கா. இளவரசிகிட்ட போய்ச் சண்ட போடு."

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கூடவே புதுக் கவலையும் வந்தது.

"எழுத்தெல்லாம் கடை போர்டு மாதிரி நிக்குதுடா. பக்கத்துக்கு ரெண்டு வார்த்தைதான் தெரியுது. நான் அமுக்கினதுல கெட்டுப்போச்சா?"

தம்பியின் சிரிப்பு நின்றது. "எழுத்து சைஸ் நீ பட்டன் அமுக்கினதுல மாறாதுக்கா. மாமாவே வெச்சதாத்தான் இருக்கும். அதுக்கு மேல பெரிய சைஸ் அதுல கெடையாது."

தண்ணீர்ச் சத்தம் எப்போது நின்றதோ தெரியவில்லை. டூட்டிச் சட்டையின் பட்டனைத் தடவித் தடவிப் போட்டபடி, கதவைத் திறந்துகொண்டு நின்றார் கணவர். அவள் போனை அணைத்துக் கீழே வைத்தாள்.

"இதுக்கா ஒளிச்சு வெச்சீங்க?" அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "கண்ணு மங்கினா ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டுக்க வேண்டியதுதானே. நான் என்னென்னவோ நெனச்சுச் செத்தே போயிட்டேன்."

அவர் முகம் மாறவில்லை. "கண்ணாடிக்கெல்லாம் அடங்காதாம். போன வாரம் டாக்டர் கைய விரிச்சுட்டார். வெளிய தெரிஞ்சா வேலை போயிடும், யார்கிட்டயும் வாய விட்றாத."

நெஞ்சிலிருந்து இறங்கிய பாரம் பாதியிலேயே நின்றது. அவர் வாசல் பக்கம் திரும்பிச் செருப்பைக் காலால் துழாவிக்கொண்டிருந்தார்.

"அப்ப... இப்ப எங்க கெளம்பறீங்க?"

"டிப்போவுக்குத்தான். பயப்படாத, ரூட்டு பூரா எனக்கு மனப்பாடம்."