குறை சொல்ல ஒரு பைலட்

“லாரி மேடம், லாரி! ரோட்டுல தக்காளி ஏத்திக்கிட்டுப் போற லாரியைப் போர் விமானம்னு காட்டுது உங்க ரேடார். நான் மட்டும் நம்பிச் சுட்டிருந்தேன்னா ஊரே சட்டி எடுத்துக்கிட்டு வந்திருக்கும்!”

சோதனை விமானத்தை விட்டு இறங்கிய பைலட், ஹெல்மெட்டைக்கூட இன்னும் மேஜையில் வைக்கவில்லை. அதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

ரேடார் குழுவின் தலைவி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். இத்தனை காலம் வெளிநாட்டில் வாங்கியே பழகிய சாமானை முதல்முறையாக இங்கேயே செய்கிறார்கள். மேலிருந்து பார்க்கும்போது தரையில் ஓடுவது எது, வானத்தில் பறப்பது எது என்று ஒரு மிஷினுக்குப் புரியவைப்பது லேசுப்பட்ட வேலையா? ஒரு நல்ல வார்த்தை சொன்னால் முத்து உதிர்ந்துவிடுமா என்ன?

“வேற ஏதாவது?” என்றாள்.

“இல்லாம? விமானத்தைத் திருப்பும்போது திரை கண்ணைச் சிமிட்டுது. அப்புறம்...”

அந்த ‘அப்புறம்’ முடிவதற்குள் சாப்பாடு ஆறிப்போனது. குழுவில் அவருக்கு வைத்திருந்த பெயர், மாமியார்.

வீட்டில் இதைச் சொன்னபோது தலைவியின் நிஜ மாமியாருக்கு ஒரே சந்தோஷம். “அப்ப நான் எவ்வளவோ தேவலைன்னு சொல்லு!” என்றார்.

வெளிநாட்டு ரேடாரை வாங்குவதா, இவர்களுடையதையே எல்லா விமானங்களிலும் பொருத்துவதா என்று முடிவெடுக்கும் நாள் வந்தது. இரண்டையும் மாற்றி மாற்றிப் பொருத்தி ஓட்டிப் பார்த்தவர் இதே பைலட்தான். அவர் வாயில்தான் முடிவு இருக்கிறது. வருஷக்கணக்காக ராப்பகலாய் உழைத்த தலைவி, அவர் இதுவரை சொன்ன குறைகளை எண்ணிப் பார்த்தாள்; கைவிரல்கள் போதவில்லை.

கூட்டத்தில் உயரதிகாரி சுற்றி வளைக்கவில்லை.

“வெளிநாட்டு ரேடாரோட பறந்துட்டு வந்து ரெண்டு நிமிஷம் பேசினீங்க. இவங்களோடதுக்கு ஒவ்வொரு தடவையும் மணிக்கணக்கா குறை சொல்லியிருக்கீங்க. அப்ப எது நல்லதுன்னு நாங்களே புரிஞ்சுக்கலாம், இல்லையா?”

தலைவி கண்ணை மூடிக்கொண்டாள். பாவி மனுஷன், கெடுத்தானே!

“தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க சார்” என்றார் பைலட். “எனக்கு இவங்களோடதுதான் வேணும்.”

அறையில் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். தலைவிக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை.

“ஏன், அந்த ரேடார்ல குறை ஒண்ணும் இல்லையே?” என்றார் அதிகாரி.

“யார் சொன்னா? மழை மேகத்தையே விமானம்னு காட்டுச்சு. அதைப் பொருத்த வந்தவங்ககிட்ட சொன்னேன். ‘பெட்டியைத் திறக்க எங்களுக்கு உரிமை கிடையாது, கம்பெனிகிட்ட கேட்டுப் பாக்கறோம்’னாங்க. அடுத்த தடவை பறந்தப்பவும் அதே மேகம், அதே கதை. அதுக்கப்புறம் நான் வாயே திறக்கலை.”

“இவங்ககிட்ட மட்டும் ஏன் அவ்வளவு பேசறீங்க?”

பைலட் தலைவியின் பக்கம் திரும்பினார். அவர் சிரித்து அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

“ஒரு தடவை சொன்ன குறை அடுத்த தடவை இருந்ததில்லை சார். திருத்திக் குடுக்கறவங்ககிட்டதானே குறையைச் சொல்ல முடியும்?”