பத்துக்குப் பத்து

"மூணுல எதை எடுக்கறதுன்னு அவ இன்னும் சொல்லலை தம்பி. கொஞ்சம் பொறுங்க."

பல் டாக்டர் இப்படிச் சொன்னதும் என் கையில இருந்த எண்ணெய்த் துணி அப்படியே நின்னுபோச்சு. மேஜை மேல மூணு புது துப்பாக்கி பேரல். இருபத்தாறு அங்குலம், இருபத்தெட்டு, முப்பது. கடையில நாங்க ரெண்டு பேர்தான். டாக்டர் பக்கத்துல இருந்த காலி நாற்காலியைப் பார்த்துத் தலையாட்டிக்கிட்டிருந்தார்.

அவர் சம்சாரம் தவறி எட்டு மாசம் ஆச்சு.

இருபது வருஷமா துப்பாக்கி ரிப்பேர் பார்க்கறேன். விதவிதமான கிறுக்குகளைப் பார்த்தவன். ஆனா அன்னிக்கு எனக்கு முதுகுல சில்லுன்னு இருந்துச்சு. பேச்சை மாத்தினேன்.

"டாக்டர், உங்க பழைய பேரல் உள்ள கேமரா விட்டுப் பார்த்தேன். குண்டைச் சுழட்டி அனுப்பற வரி, நாலு விரல் நீளத்துக்கு எரிஞ்சே போச்சு. உங்க கிளினிக்குக்கு இப்படி ஒரு பல் வந்தா பிடுங்குவீங்களா மாட்டீங்களா?"

"பிடுங்கிடுவேன்."

"அறுநூறு மீட்டர் தூரத்துல இதை வெச்சு ஒரு வீட்டைக்கூட அடிக்க முடியாது."

அவர் சிரிச்சுக்கிட்டே பையிலிருந்து மூணு குறி அட்டையை எடுத்துப் போட்டார். போன மூணு ஞாயித்துக்கிழமை சுட்டது. எல்லா ஓட்டையும் நடுக் கறுப்புக்குள்ள. பத்துக்குப் பத்து.

"அவ காத்தைப் பார்த்துச் சொல்றா, நான் சுடறேன். எப்பவும் போலத்தான்."

முப்பது வருஷமா துப்பாக்கி சுடற மைதானத்துல அந்தம்மாதான் அவர் பக்கத்துல தொலைநோக்கியோட உட்கார்ந்து காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு சொல்வாங்க. அவங்க போனதும் மனுஷன் கிளினிக்கைப் பூட்டிட்டு அன்னம் தண்ணி இல்லாமக் கிடந்தார். ஒரு நாள் சும்மா மைதானத்துக்குப் போனவர் பத்துக்குப் பத்து அடிச்சாராம். மறுநாளே கிளினிக்கைத் திறந்துட்டார்.

"அப்ப இதையே வெச்சுக்க வேண்டியதுதானே?"

"அடுத்த மாசம் பெரிய போட்டி, வேற ஊர் மைதானம். பேரல் தேய்ஞ்சது எனக்கும் தெரியுது தம்பி. ஆனா மாத்தினதும் அவ வராமப் போயிட்டா?" குரல் உடைஞ்சுது. "எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான். அதான் அவளே சொல்லட்டும்னு பார்க்கறேன்."

அரை மணி நேரம் காத்திருந்தார். பதில் வரலை போல. எதையும் எடுக்காமக் கிளம்பிட்டார். அந்த நாற்காலியை நான் அன்னிக்கு முழுக்கத் தொடலை.

ஞாயித்துக்கிழமை நானே மைதானத்துக்குப் போனேன்.

அங்க குறி அட்டைக்குப் பின்னால ஆள் உயரத்துக்கு ஒரு குழி. அதுக்குள்ள இருந்து அட்டையை இறக்கி, ஓட்டையைப் பார்த்து, திரும்ப ஏத்தறவன் டாக்டரோட மச்சினன். அந்தம்மாவோட கூடப்பிறந்த தம்பி. சாவு வீட்டுல அத்தனை பேர் முன்னாடி, "என் அக்காவை வெயில்ல உட்கார வெச்சே கொன்னுட்டீங்க"ன்னு கத்தினவன். அன்னையிலிருந்து ரெண்டு பேருக்கும் பேச்சே இல்லை. வெந்த புண்ணுல வேல் பாய்ச்சின பய. எனக்கு அவனைக் கண்டாலே ஆகாது.

முதல்ல டாக்டர் துப்பாக்கியை வாங்கி, சுடறது நான்னு குழிக்குப் போன்ல சொல்லிட்டு, பத்து ரவுண்டு சுட்டேன். மூணுதான் அட்டையில பட்டுச்சு. அதுலயும் ஒண்ணு குறுக்குவாட்டுல போய் நீளமாக் கிழிச்சிருந்துச்சு.

"உங்களுக்கு அவ சொல்லமாட்டா"ன்னார் டாக்டர் அமைதியா.

அவர் துப்பாக்கியோட குப்புறப் படுத்தார். ஒவ்வொரு ரவுண்டுக்கும் இடப்பக்கம் காதைச் சாய்ச்சு, "சரிம்மா"ன்னுட்டுச் சுட்டார். பத்துக்குப் பத்து.

சுடறது முடிஞ்சு சிவப்புக் கொடி இறங்கினதும் மைதானத்துப் பையன் ரெண்டு அட்டையையும் கொண்டு வந்து கொடுத்தான். அவர் கண்ணுக்கு நடுவுல விழுந்த ஓட்டை மட்டும்தான் தெரிஞ்சுது. எனக்குத் தொழில் புத்தி. குண்டு துளைச்ச ஓட்டையைச் சுத்திச் சாம்பல் நிறத்துல ஒரு அழுக்கு வளையம் விழும். என் மூணுலயும் இருந்துச்சு. அவர் பத்துல ஒண்ணுலகூட இல்லை. அது மட்டுமா, குண்டு போனாக் காகிதம் பின்பக்கமாத்தான் கிழியணும். அவர் அட்டை முன்பக்கமாக் கிழிஞ்சிருந்துச்சு. அந்தப் பக்கத்துல இருந்து எங்களைப் பார்த்து யாரோ சுட்ட மாதிரி.

பட்டப்பகல்ல எனக்கு வேர்த்துக் கொட்டிருச்சு.

குழியைப் பார்த்து நடந்தேன். அறுநூறு மீட்டரும் எவன்டா என்னை இங்க வரச் சொன்னதுன்னு என்னையே திட்டிக்கிட்டுப் போனேன். ஓரத்துல நின்னு மெல்ல எட்டிப் பார்த்தேன்.

மச்சினன் மட்டும்தான் இருந்தான். கையில பென்சில். முனையில காகிதத் துணுக்கு ஒட்டிக்கிட்டிருந்துச்சு.

"நீதானா?"

அவன் மழுப்பலை. "அக்கா போனப்புறம் முதல் தடவை சுட வந்தாரு அண்ணே. பத்துல ஒண்ணுகூட அட்டையில படலை. வெறும் அட்டையை அவருக்குக் காட்ட மனசு வரலை."

"அதுக்கு நேர்ல போய் ரெண்டு வார்த்தை பேசியிருக்கலாமே?"

"எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு? நான் பேசின பேச்சு அப்படி." மூக்கை உறிஞ்சினான். "அண்ணே, அவருக்கு முப்பது அங்குல பேரலா மாட்டி விட்டுடுங்க. அதுதான் கனமா, ஆடாம இருக்கும். நல்ல பேரல் இருந்தா அவரே அடிச்சுடுவாரு. அடுத்த மாசம் அங்க குழியில நான் இருக்கமாட்டேன்."

"அவர் சம்சாரம் சொன்னாத்தான் எடுப்பாராம்."

"சொல்லிட்டாளே. ஆஸ்பத்திரியில கிடக்கும்போதே என்கிட்ட சொன்னா. இது தேய்ஞ்சு போச்சு, அவர் ஒத்துக்கமாட்டார், முப்பது அங்குலமாப் பார்த்து மாட்டச் சொல்லுடான்னா."

அவன் கையைப் பிடிச்சு இழுத்தேன். "அப்ப வாடா, நீயே வந்து இதைச் சொல்லு."

அவன் மாட்டேன்னு தலையாட்டினான்.

"அக்கா உங்க கடைக்கு வந்து சொல்லிட்டுப் போனான்னே சொல்லிடுங்க அண்ணே. செத்துப்போன பொண்டாட்டி பேச்சைக் கேப்பாரு. உயிரோட இருக்கற மச்சினன் பேச்சைக் கேக்கமாட்டாரு."